நவூரு தேர்தலும் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டும்

அலுவலகப் படிக்கட்டில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்ட வருடம், கட்டுப் பிரித்த பிறகு ஒரு மாதம் பூந்தமல்லிக்குப் பிசியோதெரபிக்குப் போனேன். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கத்து ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோ அண்ணன் தினமும் காலையில் வந்து ஏற்றிக்கொள்வார்.

ஒருநாள் குமணன்சாவடி நெரிசலில் அசையாமல் நின்றோம். நான் போனில் மூழ்கியிருந்தேன்.

"இன்னா மேடம், அதையே பாத்துகினு கீறீங்க?"

"நவூருன்னு ஒரு தீவுண்ணா, பசிபிக் கடல்ல. அங்க பார்லிமென்ட் தேர்தல். மொத்த நாட்டையும் அரை மணி நேரத்துல சுத்தி வந்துடலாமாம்."

அவர் முன்னால் நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்தார். "நாம இன்னும் சிக்னலே தாண்டல. இன்னா கட்சி அங்க?"

"கட்சியே கிடையாது. எல்லாரும் சுயேச்சை மாதிரிதான்."

"அப்ப சொவுத்துல இன்னா எழுதுவானுங்கோ?"

வேட்பாளர்களின் படங்களைக் காட்டினேன். தன் உயரத்துக்கு ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருந்தவரைப் பார்த்ததும், "இவருதான் நம்ம ஆளு" என்று முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் ஸ்டாண்டுக்கே விஷயம் தெரிந்திருந்தது. அவருடைய மனைவியின் தம்பியும் அங்கேதான் ஆட்டோ ஓட்டினார். போகிற வழியில் ஸ்டாண்டில் நிறுத்தியபோது அவர் என் போனை வாங்கிப் பார்த்து, அதே தொகுதியில் நின்ற கண்ணாடி போட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். "படிச்சவரு மாதிரி கீறாரு மாமே. மீனு புடிக்கிறவரு சட்டசபையில இன்னா பண்ணுவாரு?"

அதோடு மாமனும் மச்சானும் சேர்ந்து டீ குடிப்பது நின்றது. வெறும் நேரப்போக்குக்குச் சொன்னது இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் தினம் காலையில் செய்தி தேடிப் படித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாக்கு எண்ணும் முறையை விளக்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. அங்கே எல்லா வேட்பாளருக்கும் வரிசையாக நம்பர் போட வேண்டும். முதலில் போட்டவருக்கு முழு ஓட்டு, இரண்டாமவருக்கு அரை, மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று.

"புடிக்காதவனுக்கும் போடணுமா?"

"கடைசி நம்பர் போடலாம்."

"அப்பவும் அவனுக்கு ஏதோ போவுதே மேடம்." அன்று வீடு வரைக்கும் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார்.

முடிவு வந்த நாளன்று மதியம் வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங் நடுவே பார்த்தேன். முதல் நம்பர் மீன்காரருக்குத்தான் அதிகம். ஆனால் அரைகளையும் மூன்றில் ஒன்றுகளையும் கூட்டியதில் கண்ணாடிக்காரர் முந்திவிட்டார். போன் செய்து சொன்னேன்.

"எவ்ளோல தோத்தாரு?"

"ஒரு ஓட்டு வித்தியாசம் கூட இல்லண்ணா. தசமப் புள்ளிக்கு அப்புறம்தான்."

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆட்டோ வரவில்லை. ஊன்றுகோலோடு நானே ஸ்டாண்டுக்கு நடந்தேன். மச்சான் சரவெடி கொளுத்தி முடித்து, லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யார் ஜெயிச்சதுக்குய்யா வெடி? எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார். நவூரு."

"அது எந்த வார்டு?"

அதுவரை ஆட்டோவுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன் இறங்கி வந்தார்.

"சார், அது வெளிநாடு. தோத்தது என் ஆளு. நானே சும்மா கீறேன், உங்களுக்கு இன்னா சார் கஷ்டம்?"

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். நான் போனை நீட்டினேன். நின்றபடியே முழுவதையும் படித்தார். பிறகு ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, ரோட்டிலிருக்கும் காகிதத்தையெல்லாம் பெருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனும் மச்சானும் ஒரே துடைப்பத்தை மாற்றி மாற்றி வாங்கிப் பெருக்கினார்கள். அன்று பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். காரணம் கேட்ட பெண்ணிடம் டிராஃபிக் என்று சொல்லிவிட்டேன்.