கத்தும்போதெல்லாம் பால்

எங்கள் பூனைக்குட்டிக்கு வயிறு கெட்டுப்போனதற்குக் காரணம், நாங்கள் குடியிருந்த வரிசையில் எந்த நேரமும் யாராவது ஒரு ஆண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததுதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பூனையின் வயிற்றுக்கும் மனுஷன் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் மருமகள்கூடக் கேட்டாள். அந்தக் காலத்தில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தவர்களிடம் இதை விளக்கவேண்டியதில்லை.

நான் கல்யாணமாகி அங்கே போனபோது சுரங்கத்தில் கரி எடுக்க ஆரம்பித்து, பவர் ஹவுஸிலும் புகை கிளம்பிவிட்டிருந்தது. தெருக்கள் எல்லாம் புதிது. வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. நட்டிருந்த மரங்கள் என் இடுப்புக்குக்கூட வரவில்லை. நான் பிறந்தது மதுரையில், பாத்திரக்கடைகளுக்கு எதிர் வீடு. விடிந்ததிலிருந்து பித்தளையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பெரிய தொண்டை. பெண் பார்க்க வந்த அன்று அடுக்களையிலிருந்து நான் அம்மாவிடம் ரகசியமாகத்தான் கேட்டேன், "காப்பிக்குச் சீனி போட்டாச்சா?" என்று. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. இந்த ஆளைக் கட்டிக்கொண்டால் இனிமேல் தொண்டையை அடக்கித்தான் வாழவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் மண்ணை வாரித் தள்ளும் ராட்சசச் சக்கர மெஷினில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நெல்லிக்குப்பம். அவள் புருஷன் பவர் ஹவுஸில். இந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு கோயம்புத்தூர்ப் பெண்; அவள் புருஷன் ஒர்க்ஷாப்பில். மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட் என்பதால், ஒருவர் எழுந்திருக்கும்போது இன்னொருவர் படுப்பார்.

நான் பெட்டியை இறக்கி வைத்ததுமே நெல்லிக்குப்பத்து அக்கா வந்து சட்டத்தைச் சொல்லிவிட்டாள். "இங்க பாரும்மா, வாசக் கம்பியில காக்கிச் சட்டை தொங்குனா அந்த வூட்டுல ஆளு தூங்கறாருன்னு அர்த்தம். கீரைக்காரிகூட கூவ மாட்டா. நீயும் மெதுவாப் பேசக் கத்துக்க."

கற்றுக்கொண்டேன். பாத்திரத்தைத் துணி விரித்து அதன் மேல் கவிழ்த்தேன். அம்மியைக் கொல்லைப் பக்கம் தள்ளினேன். வாய் ஓயப் பேசுவதற்கு ஒரு குழாயடிச் சண்டைகூடக் கிடையாது, குழாய்தான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே. அவரிடம்கூடக் குசுகுசுவென்றுதான் பேசினேன். கொஞ்ச நாளில் என் முகம் வாடிப்போயிற்று போலிருக்கிறது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சாப்பாட்டுப் பையை என்னிடம் நீட்டினார். பை அசைந்தது.

"ஸ்டோர் ரூம்ல கெடந்துச்சி. தாயைக் காணோம். உனக்குத் தொணையா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி. ஒரு காது மட்டும் கறுப்பு. அப்போதுதான் பல் முளைத்திருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் அது போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. உடம்புக்கும் தொண்டைக்கும் சம்பந்தமே இல்லை. "மதுரையிலேர்ந்து வந்திருக்கும்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அதன்பிறகு என் வேலையெல்லாம் அந்தக் குட்டியின் வாயை மூடுவதுதான். அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். அது கத்தும். நான் ஓடிப்போய்க் கொட்டாங்கச்சியில் பசும்பாலை ஊற்றுவேன். குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். மறுபடி கத்தும். மறுபடி ஊற்றுவேன். பால் குடித்தால் நல்லதுதானே, பச்சைக் குட்டிதானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. என் கையால் வளர்கிறது என்று நினைப்பு.

வளரவில்லை. வயிறு மட்டும் பம்மென்று உப்பிக்கொண்டு வந்தது. கால்கள் குச்சிகுச்சியாக இருந்தன. அடுப்புச் சாம்பலைப் பழைய தகரத் தட்டில் கொட்டி அதற்கென்று மூலையில் வைத்திருந்தேன். முதலில் சமர்த்தாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பிறகு தட்டுவரைக்கும் போக அதனால் முடியவில்லை. தண்ணீராகப் போயிற்று. வாலும் பின்னங்கால்களும் எந்நேரமும் நனைந்து கிடந்தன. நான் துடைத்துத் துடைத்து வைத்தேன். நெல்லிக்குப்பத்து அக்கா வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தாள். கோயம்புத்தூர்க்காரி தன் குழந்தைக்கு வைத்திருந்த ஜாதிக்காயை உரைத்துக்கொண்டு வந்தாள். இரண்டையும் துப்பிவிட்டு அது இன்னும் அதிகமாகக் கத்தியது. பாவம், போனதெல்லாம் பசியாகத் திரும்பி வருகிறது என்று நினைத்து நான் இன்னும் பால் ஊற்றினேன்.

ஒருநாள் காலை அதைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அவர் வேலையிலிருந்து வந்து படுத்துவிட்டார். நான் கீரைக்கூடையில் பழந்துணியை விரித்து அதைக் கிடத்திக்கொண்டு, அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே மாட்டாஸ்பத்திரி இருந்தது. வாசலில் இரண்டு எருதுகளும் ஒரு கன்றுக்குட்டியும் எங்களுக்கு முன்னால் காத்திருந்தன. கூடையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஆனால் குட்டியைக் கையில் எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"என்னம்மா குடுக்கறீங்க?"

"பால்தான் சார்."

"எப்பெப்ப?"

"கத்தும்போதெல்லாம்."

"எத்தனை தடவை கத்தும்?"

நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா, "எங்க வூட்டாண்ட வந்தும் கத்தும் சார். நானும் ஊத்துவேன். எங்க வூட்டுல எருமைப்பாலு" என்றாள்.

"நீங்களுமா?" என்றேன் நான்.

"பின்ன? அவரு தூங்கிக்கினு இருக்கறப்ப வந்து கத்துனா என்னா பண்றது? நான் மட்டுமா, அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணும் கொழந்தைக்குக் கரைக்கிற டப்பாப் பாலை ஊத்துது."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பசும்பால், எருமைப்பால், டப்பாப்பால். இத்தனூண்டு வயித்துல. அது பசியில கத்தலைம்மா, வயித்துவலியில கத்துது. நீங்க அதுக்கு மேலயே ஊத்திக்கிட்டு இருக்கீங்க. கன்னுக்குட்டி குடிக்கிற பால் பூனைக்குட்டிக்குச் செரிக்குமா? இன்னியோட நிறுத்துங்க. சோத்தைக் குழைய வடிச்சு, அவிச்ச மீனை முள்ளில்லாமப் பிசைஞ்சு, நெல்லிக்காய் அளவு வைங்க. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அதே அளவு. நடுவுல காய்ச்சி ஆறின தண்ணி. வேற ஒண்ணும் வேணாம்."

"கத்தினா?"

"கத்தட்டும். இனிமே பால் உள்ள போச்சுன்னா இது பிழைக்காது."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. அவருக்கு அந்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட். மறுநாள் காலை வந்து படுப்பார். இது நாள் முழுக்கக் கத்தும். தூக்கம் கெட்ட ஆள் ராத்திரி அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பாலை ஊற்றினால் குட்டி போய்விடும், ஊற்றாவிட்டால் அவர் தூக்கம் போய்விடும். மடியில் கூடை லேசாக அசைந்துகொண்டிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு யாரும் ஊத்த வேணாம், வுடு. எங்க ஆளு சத்தம் போட்டா நான் பாத்துக்கறேன். உங்க ஆளை நீ பாத்துக்க" என்றாள். நல்ல மனசு அவளுக்கு.

மறுநாள் அவர் வந்து குளித்து, பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் காக்கிச் சட்டையை வாசல் கம்பியில் தொங்கவிட்டேன். கடலூரிலிருந்து வரும் மீன்காரியிடம் வாங்கின மீனை அவித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி வைத்தேன். குட்டி மோந்து பார்த்தது. கொட்டாங்கச்சி எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தது. அப்புறம் தின்றது. தின்று முடித்ததும் ஆரம்பித்தது பாருங்கள், ஊரைக் கூட்டும் கத்தல்.

கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இன்னும் பலமாகக் கத்தியது. குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். நாலு சுவரும் சேர்ந்து கத்தின மாதிரி இருந்தது, உடனே திறந்துவிட்டேன். கோயம்புத்தூர்ப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் டம்ளரோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, பாவமுங்க. ஒரு சொட்டு ஊத்தட்டுங்களா?"

"கூடாது."

"உங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுக்குவாருங்க."

"எந்திரிச்சா எந்திரிக்கட்டும், நீ டம்ளரை உள்ள கொண்டு போ."

இரண்டு பேரும் குசுகுசுவென்றே சண்டை போட்டோம். அப்படிச் சண்டை போட்டுப் பார்த்தால்தான் தெரியும், ஒரு திருப்தியும் இருக்காது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. குட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்து ஏறி, என் முகத்துக்கு நேராகக் கத்தியது. உனக்கு இரக்கமே இல்லையா என்று கேட்கிற மாதிரி இருந்தது. இடையிடையே படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டேன். எப்போது திறக்குமோ, என்ன சொல்லுவாரோ.

இரண்டாவது உருண்டை வைத்தேன். தண்ணீர் வைத்தேன். மூன்றாவது உருண்டையும் வைத்தேன். மத்தியான வெயில் கொல்லையில் முற்றியிருந்த நேரம், குட்டி தள்ளாடித் தள்ளாடி மூலைக்குப் போயிற்று. தகரத் தட்டில் ஏறியது. சாம்பலைப் பிறாண்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்தபிறகு குனிந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை. உருவாக, கெட்டியாக இருந்தது. பூனை கழித்ததைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். வெட்கமாக ஒன்றும் இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அது நேராகக் கீரைக்கூடைக்குள் போய்ச் சுருண்டது. கறுப்புக் காது ஒரு தடவை துடித்தது. அப்படியே தூங்கிவிட்டது. வீடு ஓய்ந்துபோயிற்று.

அப்போதுதான் படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. வேட்டியைச் சரியாகக்கூடக் கட்டாமல், கலைந்த தலையோடு அவர் ஓடி வந்தார்.

"என்னா ஆச்சி? செத்துப்பூட்டுதா?"

"ஐயோ, இல்லைங்க. தூங்குது."

கூடைக்குள் எட்டிப் பார்த்தார். வயிறு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலையிலேர்ந்து கத்திக்கினே இருந்துச்சி. திடீர்னு சத்தத்தைக் காணோம். திக்குனு எழுந்துட்டேன்."

"காலையிலேயிருந்து கேட்டுக்கிட்டா இருந்தீங்க? அப்ப நீங்க தூங்கவே இல்லையா?"

"நல்லாத்தான் தூங்கனேன். கேட்டுக்கினே தூங்கனேன். அந்த மெஷினு பக்கத்துல நிக்கிறவனுக்குச் சத்தம் என்னா பண்ணும்? சத்தம் நின்னாதான் பயம். அங்க சத்தம் நின்னா ஏதோ ஒடைஞ்சிபூட்டுதுன்னு அர்த்தம்."

நான் டாக்டர் சொன்னது, மூன்று வீட்டுப் பால், வசம்பு, ஜாதிக்காய், எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். பழக்கதோஷம், குசுகுசுவென்றே சொன்னேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். நீ ஏன் இப்படிப் பேசற? வந்ததுலேர்ந்து பாக்கறேன். வூட்டுல ஒரு சத்தமும் இல்ல, படுத்தா தூக்கம் புடிக்கறதுக்கே நேரமாவுது. காப்பிக்குச் சீனி போட்டாச்சான்னு கேட்டியே, அந்தத் தொண்டை எங்க போச்சி? அதைக் கேட்டுட்டுத்தானே இந்தப் பொண்ணையே கட்டிக்கறேன்னு சொன்னேன்."

இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத குறைக்கு நடுவில் ஒரு பூனைக்குட்டியின் வயிறு மாட்டிக்கொண்டது.

குட்டி தேறிவிட்டது. மீனும் சோறும் தின்று, குண்டுப் பூனையாகி, எங்கள் வரிசை முழுக்க ராஜ்யம் பண்ணியது. பாலை மட்டும் யாரும் அதற்கு ஊற்றியதில்லை.

அன்றைக்கு அவர் எழுந்து மறுபடி படுக்கப் போனார். கதவருகில் நின்று திரும்பி, "இன்னும் கொஞ்சம் தூங்கணும். நீ ஏதாச்சும் பேசிக்கினு இரு" என்றார்.

யாரிடம் பேசுவது? கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தூங்குகிற பூனையிடமே ஆரம்பித்தேன். மதுரையில் எங்கள் வீட்டு எதிரே இருக்கிற பாத்திரக்கடைகளைப் பற்றி, பிறந்த நாளிலிருந்து எனக்கிருந்த தொண்டையிலேயே சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏம்மா, எங்க வூட்டுக்காரரு தூங்கறாரு!" என்று அக்கா கத்தினாள். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை.