3389ஆம் கதவு

பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்காமல் பெரிய டாக்டர் கே.கே. நகரிலிருந்த தன் ஸ்கேன் சென்டரை விட்டுக் கிளம்பவே மாட்டார். வண்டியில் ஏறிய பிறகும் இறங்கி வந்து இன்னொரு தடவை இழுப்பார். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துவந்த எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவர் மனைவிக்கு நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி. வருடாவருடம் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுவார். வளர்ந்திருந்தால் புற்றுநோயாக இருக்கலாம், உடனே ஆபரேஷன். அந்த அம்மாவுக்கோ தனியாக இருக்கப் பயம். அதனால் கோச்சடை வீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சென்டர் கம்ப்யூட்டரைத் திறந்து ஸ்கேன் பார்க்க டாக்டர் ஆசைப்பட்டார். இணையத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பல கதவுகள் உண்டு. போர்ட் என்பது அந்தக் கதவின் எண். வலைப்பக்கத்துக்கு 80, பாதுகாப்பான வலைப்பக்கத்துக்கு 443, மெயிலுக்கு 25, தூரத்திலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டரை இயக்க 3389. உலகம் முழுக்க வழக்கத்தில் இதே எண்கள்தான். திருடன் தேடி அலைய வேண்டாம். ஊர் ஊராக 3389ஐத் தட்டிப் பார்க்க அவனிடம் புரோகிராம் இருக்கிறது.

"நம்பரை மாத்துனா மட்டும் பத்தாது சார், முன்னாடி விபிஎன்னுன்னு ஒரு கேட்டு போடணும்" என்றேன்.

"அதுக்கு வேற ஒரு பாஸ்வேர்டா? இருக்குறதே மறந்துபோகுது. நம்ம சென்டரை எவன்மா தேடி வரப்போறான்? சும்மா தொறந்து விடு."

மாட்டேன் என்றேன். வெளியாளைக் கூப்பிட்டுத் திறந்துகொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு திங்கட்கிழமை காலை எந்தப் படமும் திறக்கவில்லை. எவனோ அந்தக் கதவு வழியே நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, பணம் கேட்டு மிரட்டல் போட்டிருந்தான். அதே நெட்வொர்க்கில் வைத்திருந்த நகலும் போயிற்று. நோயாளிகள் கையில் பிலிமாவது இருந்தது. சொந்த வீட்டுக்காரிக்குப் பிலிம் எதற்கு, ரிப்போர்ட் எதற்கு, நான்தானே பார்க்கிறேன் என்று டாக்டர் எதையும் பிரிண்ட் போட்டதில்லை.

அடுத்த வாரமே அந்த அம்மாவுக்குப் படம் எடுத்தார். புள்ளி இருந்தது. வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா?

"பழைய படம் இருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லிருவேனே, பாவி!" என்று திரையைத் தடவித் தடவி அழுதார்.

சில மாதம் பொறுத்து மறுபடி எடுத்து ஒப்பிடுவதென்று முடிவானது. எடுத்தபோது பரவியிருந்தது. மழைக்காலம் முடியுமுன் அந்த அம்மா போய்விட்டார்.

இப்போது 3389ஐ அடைத்துவிட்டேன், விபிஎன்னும் போட்டாயிற்று. நேற்றுச் சாயங்காலம் சென்டரைப் பூட்டியது நான்தான். டாக்டர் வண்டியில் ஏறிவிட்டிருந்தார்.

"சார், ஒருக்கா இழுத்துப் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் இறங்கவில்லை.

"விடும்மா. இனிமே களவுபோக எனக்கு என்ன இருக்கு?"