சாச்சாவின் மூச்சைப் பூட்டி வைத்தவர்கள்

சாச்சாவின் நகங்களைத்தான் முதலில் பார்த்தேன். கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கிறீஸ் கறுப்பு போகாது. அன்று அந்தக் கறுப்பைச் சுற்றி நகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. கொரோனா வந்த முதல் வருடத்தின் கடைசி. எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஒரே ஊதில் அடைப்பை எடுத்துவிடுகிற மனிதர், என் வாப்பாவின் தம்பி, தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தபடி ஒரு மிடறு கஞ்சியை விழுங்கவே திணறிக்கொண்டிருந்தார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஈரத்துணியைப் பிழிவதுபோல நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்டது.

அடுத்த அறையில் குடும்பக் கூட்டம் நடந்தது. நடத்தியவர் பெரியவாப்பா, சாச்சாவின் மூத்த நானா. அத்தர் நனைத்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருமுவது கேட்கக் கேட்க, பேரீச்சம்பழக் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் துப்பியபடி பேசினார். கொரோனாவில் மவுத்தானவர்களை, எரிப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்ட முஸ்லிம் என்றாலும் யார் என்றாலும், எரித்தேயாக வேண்டும் என்ற சட்டம் இருந்த காலம் அது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடுமாம். உலகமெல்லாம் புதைத்துக்கொண்டுதான் இருந்தது. இங்கே மட்டும் நிலம் நஞ்சாகும் என்று படித்தவர்களே தொலைக்காட்சியில் வந்து முகம் மாறாமல் சொன்னார்கள். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் கசப்பு ஊறுகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மையத்துக்கூடத் தரமாட்டானுவள். சாம்பல்தான். நம்ம குடும்பத்துல ஒருத்தன எரிச்சாங்க எண்டு பேர் வரக்கூடாது" என்றார் பெரியவாப்பா. இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கருஞ்சீரக எண்ணெய் தடவச் சொன்னார்கள், ஆவி பிடிக்கச் சொன்னார்கள். ஊருக்கு ஆஸ்துமா என்று சொல்லிவிடத் தீர்மானித்தார்கள். அம்புலன்ஸைக் கூப்பிடப் போன சாச்சாவின் மனைவி, சாச்சியின் கையிலிருந்த போனைப் பெரியவாப்பா வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்க வரக்கூடாதென்று வாசல் கேற்றும் பூட்டப்பட்டது. அந்தச் சாவியும் அதே சட்டைப்பைக்குள் போனது. எனக்கு அந்த அறையின் வாடை இன்னும் மறக்கவில்லை. நோயாளியின் வியர்வையையும் சளியையும் என்னால் சகிக்க முடிந்தது. அவற்றின் மேல் மிதந்த அத்தர் மணம்தான் குமட்டியது.

மறுநாளும் அப்படியே போனது. அதற்கு அடுத்த நாள் காலையில் சாச்சாவின் உதடும் நீலமானது. யாரோ கேட்டதற்கு அவர் பதில் சொல்லப் பார்த்தார். சொல் பாதியில் நின்றது. சாச்சி எழுந்து, பின்பக்கத்து ஓலைவேலியைக் கையாலேயே பிரித்துக்கொண்டு, பகல் வெயிலில் பிரதான வீதிக்கு ஓடினார். மரக்கறி ஏற்றிக்கொண்டு போன லொறி ஒன்றின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றிருக்கிறார். திரும்பி வந்தபோது சாரதியும் அவர் பின்னால் வந்தான். பெரியவாப்பா மறித்தார்.

"எரிப்பாங்க எண்டு தெரிஞ்சும் கொண்டு போறியா?"

"மவுத்தான பொறகு என்ன செய்வாங்க எண்டு எனக்குத் தெரியா மச்சான். இப்ப அவருக்கு உசிர் இரிக்கி. கேற்றத் தொறங்க."

கேற்றைத் திறந்தார்கள். அந்தச் சாரதி எங்கள் ஊர்க்காரன் அல்ல. சாச்சாவை அணைத்துத் தூக்கி முன் ஆசனத்தில் இருத்தியவன் அவன்தான். எங்கள் ஆட்கள் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு விலகி நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் நுரையீரல் இரண்டும் வெள்ளையாக இருந்ததாம். நியூமோனியா. காற்று நிற்க வேண்டிய சின்னப் பைகளிலெல்லாம் நீர் கட்டிவிட்டது என்று டொக்டர் நோனா, சிங்களப் பெண், தனக்குத் தெரிந்த தமிழில் சாச்சிக்கு விளங்கப்படுத்தினார். கொரோனாவுக்கு முன்பும் இருந்த நோய்தான், நேரத்துக்கு ஒட்சிசன் கொடுத்தால் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள் என்றார். பிறகு, "ரெண்டு நாள் முந்தி வந்தா நல்லம் அம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாச்சியைத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றினார்கள். சாச்சா மவுத்தான செய்தி அங்கேதான் அவருக்குப் போனது. கபன் துணி இல்லை, குளிப்பாட்டல் இல்லை. பொலிஸ் காவலோடு பெட்டியைக் கொண்டு போய் எரித்தார்கள். என் வாப்பாவைத் தூரத்தில் நிற்க மட்டும் விட்டார்கள்.

முகாமிலிருந்து சாச்சி திரும்பியபோது ஊர் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. 'புருசன எரிக்கக் குடுத்தவள்.' ஆறுதல் சொல்ல ஒருவரும் படியேறவில்லை. பிறகு கலியாண வீடுகளில் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது, அவர் உட்கார்ந்த சஹனிலிருந்து பெண்கள் எழுந்து வேறு சஹனுக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். எரித்தவர்கள் மேல் காட்ட முடியாத ஆத்திரத்தையெல்லாம் காப்பாற்றப் பார்த்தவர் மேல் கொட்டினார்கள். சட்டம் மாறி, ஜனாஸாக்களை அடக்க விட்டார்கள். சில வருடங்கள் கழித்து அரசாங்கம் மன்னிப்புக்கூடக் கேட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

போன வருடம் பெரியவாப்பாவுக்கும் நியூமோனியா வந்தது. காலையில் குளிரோடு காய்ச்சல் என்றார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே பிள்ளைகள் வான் வண்டியில் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். சுகமாகி வந்தவர், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்த் தன் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு பின்னேரம் சாச்சி வீட்டுக்கும் வந்தார். நான் அங்கே இருந்தேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, சாச்சி கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி சொன்னார்:

"அண்டைக்கே கொண்டு போனதாலதான் தப்பினன். பிந்தியிருந்தா மவுத்துதான் எண்டு டொக்டரே சொன்னாரு."

"ஓம் மச்சான்," என்றார் சாச்சி. "எனக்கும் அதத்தான் சொன்னாங்க."

கூட வந்திருந்த அவர் மனைவி, பெரியம்மா, தலையைக் குனிந்துகொண்டார். பெரியவாப்பாவின் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவர் தேத்தண்ணியை ஊதினார், ஒரு வாய் குடித்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"சீனி கொஞ்சம் கொறவு" என்றார்.

சாச்சி எழுந்து உள்ளே போனார். அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.