இடம் வலமாகிப் போன ஏரி

போன வாரம் ஒரு அம்மா போனில் என்னோடு சண்டை போட்டார். திருநெல்வேலிப் பக்கம் பள்ளி ஆசிரியையாம். புகைப்படப் போட்டிக்கு ஒரு மயிலை அனுப்பியிருந்தார். அருமையான மயில், கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் கேமராவில் பதிவான மூலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதில் மயில் இடப்பக்கம் பார்க்கிறது. போட்டிக்கு வந்ததில் வலப்பக்கம் பார்க்கிறது. தள்ளுபடி என்று எழுதிவிட்டேன். அதற்குத்தான் சண்டை.

"நான் எதையாவது சேர்த்தேனா மேடம்? எதையாவது அழிச்சேனா? அதே மயில், அதே மரம். திருப்பித்தானே வச்சேன்? அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

விதி என்றால் விதிதான் அம்மா என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்பது நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறதல்லவா, உட்காருங்கள்.

இப்போது என் பிழைப்பு இதுதான். போட்டிக்கு வரும் படங்களை நடுவர்களிடம் போகுமுன் சல்லடை போடுவது. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிறத்தைக் கொஞ்சம் சீராக்கலாம். ஓரத்தை வெட்டலாம், கோணலை நிமிர்த்தலாம். கேமராவுக்குள் ஒட்டிய தூசி வானத்தில் புள்ளியாக விழுந்திருந்தால் துடைத்துக்கொள்ளலாம். அதே வானத்தில் ஒரு காக்கை பறந்திருந்தால் அதைத் துடைக்கக் கூடாது. தூசி கேமராவினுடையது, காக்கை உலகத்தினுடையது. இப்படி நான் விளக்கினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். திருப்பிப் போடுவதற்கு வந்தால் மட்டும் ஒருவர் தலையும் ஆடுவதில்லை.

கம்ப்யூட்டர் நெடுநேரம் ஓடிச் சூடாகும்போது ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? தூசி லேசாகக் கருகுகிற வாசனை. அது வந்தால் நான் மறுபடியும், முன்பு வேலை பார்த்த பொன்னேரி ஸ்டூடியோவில் இருப்பேன். அந்த வாசனையோடு முகப் பவுடரும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. ஊரே அந்த ஒரே சீப்பில்தான் தலைவாரிக்கொண்டு படத்துக்கு உட்காரும். நான் உள்ளறையில், படம் திருத்துகிறவள்.

அங்கே கூடாத திருத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் பரு இருக்கக் கூடாது. மாப்பிள்ளை கண் மூடியிருந்தால் வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வந்து திறந்துவிடுவேன். லுங்கியோடு வந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டுவேன். அந்த ஒரே கோட்டை எத்தனை பேருக்கு மாட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இறந்துபோன அப்பாவை மகளின் கல்யாண மேடையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அதை வாங்கிப் பார்த்த பெண் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரம்மாவுக்கு அடுத்தபடி நான்தான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், வயது அப்படி.

ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஏக்கம். அடுத்தவர் எடுத்த படத்தைத் துடைத்தே காலம் போகக் கூடாது, நானும் படம் எடுக்க வேண்டும். என்னிடம் கேமரா இல்லை. முதலாளியின் கேமராவைக் கெஞ்சி வாங்கினால்தான் உண்டு.

கடலோடு சேரும் ஏரியின் கரையில் உள்ள தோணிரேவில் எல்லப்பன் அண்ணன், தேசம்மா அக்கா என்று ஒரு தம்பதி. மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடத்தி ஆல்பம் போட்டவர்கள். அண்ணன் ஏரியில் மீன் பிடிப்பவர். ஆல்பத்தைக் கொடுக்கப் போன சாக்கில், மார்கழியில் ஒரு நாள் விடியும் நேரத்துக்குக் கேமராவோடு கரையில் போய் நின்றேன். நாங்கள் உள்ளே தள்ளி நெல் பயிரிடுகிற குடும்பம். எங்களுக்கு ஏரி என்றால் மீன் வாங்கப் போகிற இடம், அவ்வளவுதான். "சேத்துல கால வெச்சிக்கினு நிக்காத, கேமரா வுழுந்தா நான் இன்னாத்துக்கு ஆவறது" என்று என் நைனா சொல்லியனுப்பியிருந்தார். முழங்கால் அளவு சேற்றில்தான் நின்றேன்.

எதிரே சூரியன் எழும்பியது. அதற்குக் குறுக்கே அண்ணனின் படகு. அவர் குனிந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் ஒற்றைக் கம்பு ஒன்று நட்டிருந்தது. அதற்கும் அப்பால் தண்ணீரின் மேல் வெளுப்பாக ஏதோ ஒரு நீளத் திட்டு. மணல் மேடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த மணல் மேடு ஓடத் தொடங்கியது. அத்தனையும் பூநாரைகள்! தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடி, ஓடி, ஒன்றன் பின் ஒன்றாக எழும்பின. இறக்கைக்கு அடியில் இருந்த சிவப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. சத்தம் வேறு, ஆயிரம் பாய்களை உதறுகிற மாதிரி. இப்படி ஒன்று என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் தினமும் நடக்கிறது, நான் இத்தனை வருஷமும் பரு துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு தடவை அழுத்தினேன். ஒன்றே ஒன்று சரியாக வந்தது.

அந்த ஒன்றைப் போட்டிக்கு அனுப்பினேன். முதல் பரிசு ஒரு கேமரா. அனுப்புமுன் ஒரு சின்ன வேலை செய்தேன். படத்தில் அண்ணன் வலப்பக்கம் இருந்தார், பறவைகள் இடப்பக்கம் போயின. கண் இடமிருந்து வலமாகத்தான் ஓடும், பறவையும் அப்படிப் பறந்தால்தான் படம் எடுபடும் என்று முதலாளி அடிக்கடி சொல்வார். சரி என்று ஒரு பொத்தானை அழுத்தி இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். சூரியனுக்கு எதிரே எடுத்ததால் ஆளும் படகும் வெறும் கறுப்பு உருவம். படகில் எழுதிய எண்கூடத் தெரியாது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

படம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது! தோணிரேவில் எடுத்தது என்று ஊர்ப் பெயர் போட்டுக் கண்காட்சியில் வைக்கப்போகிறார்கள், பத்திரிகையிலும் வரலாம். படத்தில் இருப்பவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். பெரிய அளவில் ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு, பாதிப் பரிசு கைக்கு வந்த நடையில் தோணிரேவு போனேன்.

எல்லப்பன் அண்ணன் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"எங்க எடுத்தம்மா இத?"

"நம்ம கரைல இருந்துதான் அண்ணா. அன்னிக்கி வந்தேனே, அந்தக் காலைல."

"சும்மா சொல்லாத. மார்கழில தெக்க இருந்து காத்தடிக்குதா?"

எனக்குப் புரியவில்லை. "காத்து எங்கண்ணா தெரியுது இதுல?"

"தோ, பறவ. காத்துக்கு மூஞ்சியக் காட்டிதான் அது ஓடி எழும்பும். முதுவக் காட்டி எழும்புனா தண்ணிலதான் வுழும். எதிர்ல சூரியன், அப்ப கெழக்கு. எடது கைப் பக்கம் வடக்கு, வலது கைப் பக்கம் தெக்கு. பறவ தெக்கப் பாத்து எழும்புது. அன்னிக்கி அடிச்சது வாடைக்காத்து. வடக்கதான போயிருக்கணும்?"

சொன்னால் நம்புங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். அதில் காற்று இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

திருப்பிப் போட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இருங்க, இருங்க" என்று தேசம்மா அக்கா படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் பீரோக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். மூன்று பேரும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தோம். அங்கே பறவைகள் வடக்கே எழும்பின.

"அதான பாத்தேன். இப்ப காத்து சரியா வருது," என்றார் அக்கா.

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. தண்ணீரில் நின்ற அந்தக் கம்பின் மேல் விரலை வைத்தார்.

"காத்து போனா போவுது. இது இன்னான்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. குறுக்கே நின்று படத்தைக் கெடுக்கிறதே என்று அதை அழிக்கக்கூட நினைத்திருந்தேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஏரியில் எவரும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கம்புக்குத் தெற்கே அண்ணனின் கூட்டத்துப் பாடு, வடக்கே பக்கத்து ஊர்ப் பாடு. உண்மையில் அவர் கம்புக்குத் தெற்கேதான் நின்றார். நான் திருப்பிய படத்தில் வடக்கே நின்று வலை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏற்கெனவே எல்ல தாண்டி எவனோ வல போட்டான்னு ரெண்டு ஊருக்கும் பேச்சு நடந்துகினு இருக்கு. இது பேப்பர்ல வந்து, அதுக்கு நான் கையெழுத்தும் போட்டிருந்தா, நானே ஒத்துக்குன மாரி ஆயிடும். இந்த வருசம் பூரா என் முறைய நிறுத்திடுவாங்க. எறா வர்ற மாசம்மா இது. புள்ளங்கள வெச்சிக்கினு எங்க போவேன் நான்?"

"படத்துல கறுப்பாத்தானே அண்ணா இருக்கீங்க, யாருக்கு அடையாளம் தெரியும்?"

"நான் குனியற விதம் ஊர்ல யாருக்குத் தெரியாது?" என்றார்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கையெழுத்துதான? நீயே போட்டு அனுப்பு. யாரு வந்து பாக்கப் போறான்?"

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும், வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை மேசையில் விரித்துப் பேனாவை எடுத்தேன். 'எல்ல' வரை எழுதியும்விட்டேன். எவ்வளவோ பேருக்குக் கண்ணையும் கோட்டையும் ஒட்டியவள், ஒரு கையெழுத்தா பெரிய விஷயம்? ஆனால் அடுத்த எழுத்துக்குக் கை போகவில்லை. அந்த மனிதர் ஒரு காகிதத்துக்குள் காற்றைப் பார்த்தவர். அவரை நான் கம்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதற்கு அவரையே சாட்சியாகவும் ஆக்குகிறேன். கேமரா வேண்டும் என்ற ஆசை அப்போதும் துளிகூடக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆசையோடேதான் கடிதத்தைக் கிழித்தேன்.

படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று போட்டிக்காரர்களுக்கு எழுதினேன். மூலப்படத்தை ஏற்பார்களோ என்று ஒரு நப்பாசை இருந்தது. கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முதல் பரிசு ஒரு பூனைப் படத்துக்குப் போனது. பூனையும் நல்ல பூனைதான்.

அந்த வருஷம் எல்லப்பன் அண்ணனின் முறை நிற்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் தேசம்மா அக்கா ஸ்டூடியோவுக்கு வந்து, ஒரு கூடை இறாலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உள்ளறை முழுக்க நாறுகிறது என்று முதலாளி கத்தினார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். எந்தப் பரிசு வாங்கியும் நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மயில் அம்மாவோடு பேசிய பிறகு மனசு கேட்காமல் அண்ணனுக்குப் போன் செய்தேன். அந்தக் கம்பை ஒட்டிய பாடு இந்த வருஷம் சீட்டில் யாருக்கு விழுந்தது என்று கேட்டேன்.

"அங்க இன்னாத்துக்கும்மா சீட்டு? முகத்துவாரம் அடச்சிக்கினு அந்த எடமெல்லாம் மணலு தூந்துபோச்சி. கணுக்கால் தண்ணி கூட நிக்கல. நான் இப்ப கடலுக்குப் போறேன்."

"பறவ?"

"பறவ வருது. அதுக்கு அது போதும். மீனுதான் இல்ல. கம்ப எவனோ புடுங்கிப் போட்டான், யாரும் ஏன்னு கேக்கல."

அந்தப் படம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். அதை இன்று எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.