கன்னி மூலையில் எர்த்

ஊரப்பாக்கத்தில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எட்டு வீடுகள். அவற்றில் ஐந்து, பொறியாளர் வீடுகள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2004 கோடையில் கட்டடத்தின் எர்த் குழியை மூடியவர்கள் அவர்கள்தான்.

மின்கசிவு மனித உடல் வழியாகப் போகாமல் பூமிக்குள் இறங்க, கரியும் உப்பும் இட்டு இரும்புக் குழாய் புதைத்த இடம் அது. எட்டு வீட்டு எர்த் கம்பியும் அங்கேதான் சேரும். வாஸ்து பார்க்க வந்தவர், தென்மேற்கான கன்னி மூலையில் பள்ளம் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கக் கூட்டத்தில் எழுந்தேன். "அது பள்ளம் இல்ல சார், எர்த்."

செயலாளர் உள்ளூர்க்காரர், லாரி வைத்திருந்தவர். "இன்னாவா வேணா இருக்கட்டும் சார். பள்ளமா கீதா இல்லியா? மேல ஒருத்தருக்கு வேலை பூட்ச்சு. கீழ் வூட்ல கல்யாணம் தட்டிக்கினே போவுது."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்மேல். மின்பொறியியல் படித்தவர். எர்த் இல்லாத இயந்திரத்தை அலுவலகத்தில் ஒருவரையும் தொட விடமாட்டார்.

"உங்களுக்குமா தெரியாது?"

"தெரியும் சார். வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றபடியே குழியை மூட ஆதரவாகக் கை தூக்கினார்.

குழாயை அறுத்து, மண் கொட்டி, மேடை கட்டினார்கள்.

ஆடி மாதம் என் மனைவி வாஷிங் மெஷினைத் தொட்டாள், தூக்கி எறியப்பட்டாள். தோள்மூட்டு விலகிவிட்டது. எங்கள் மெஷினில் பழுதே இல்லை. பழுது பக்கத்து வீட்டு வாட்டர் ஹீட்டரில். இறங்க மண் கிடைக்காத மின்சாரம், எங்களைக் காக்க வேண்டிய அதே கம்பியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார். "ரப்பர் மேட் போட்டுக்குங்க சார். நாங்க அப்பவே போட்டுட்டோம்."

அப்பவே. அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

கட்டுப்போட்ட தோளைக் காட்டியும் சங்கம் அசையவில்லை. கடைசியில் நானே போய் அந்த வாஸ்துக்காரரை அழைத்துவந்தேன். வடகிழக்கில் பள்ளம் இருக்கலாமா என்று, படித்த படிப்பையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டேன். ஈசானிய மூலையில் பள்ளம் இருந்தால் விருத்தி என்றார். அந்த வாரமே அங்கே புது எர்த் குழி வெட்டினார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை போட்டு.

பூஜைப் பொங்கலைப் பக்கத்து வீட்டுக்காரரே கொண்டுவந்தார். என் மனைவி ஒரு கையால் கதவைத் திறந்தாள்.

"இப்ப நல்ல எர்த் கிடைச்சிடுச்சு" என்றார் அவர்.

"உங்க வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.