பாண்டியா, கடலூரா: லில்லி அக்கா ஆபீஸ் பிடித்த கதை

பாகூர், பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் எங்களுக்கு எதற்கெடுத்தாலும் இரண்டு ஊர். புடவை எடுக்கப் பாண்டிக்குப் போவோம், பல் பிடுங்கக் கடலூருக்குப் போவோம். எந்த ஊருக்குப் போனாலும், திரும்பி வந்ததும் அந்த ஊரில் விலை அதிகம் என்று குறை சொல்வோம்.

லில்லி அக்காவும் அப்படித்தான் இரண்டு ஊரிலும் ஆபீஸ் தேடினாள்.

அக்கா பன்னிரண்டு வருடம் பாண்டியில் ஒரு கம்பெனியில் போன் பேசும் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, தன் வீட்டு ஹாலிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அதன் நோயாளிகளுக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வரணும், மறக்காதீங்க" என்று தேன் ஒழுகச் சொல்ல வேண்டும். அக்காவிடம் இந்த வேலை செய்பவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் சரண்யா, அதாவது நான். வாய் அதிகம் என்று என்னைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். வாயை வைத்துப் பிழைக்கிற இடத்தில் வாய் அதிகம் என்பது எப்படிக் குற்றமாகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஹாலில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரம் காலம் தெரியாது. ஒரு பெரியவர் போனிலேயே கேட்டுவிட்டார்: "ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, கோழிப்பண்ணையா?" அவர் அதோடு விடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் எழுதிப் போட்டுவிட்டார். உடனே அங்கிருந்து கடிதம் வந்தது. ஒன்றாம் தேதிக்குள் நகரத்தில் முறையான ஆபீஸ் வேண்டும், வாடகை ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், இல்லாவிட்டால் வேலை ஏதாவது ஒரு சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும். எங்களுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அக்கா ஒரு நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பாண்டி, அந்தப் பக்கம் கடலூர் என்று எழுதினாள். வாடகை, அட்வான்ஸ், பஸ், கழிப்பறை. கழிப்பறைக்குக் கீழே மட்டும் மூன்று கோடு போட்டிருந்தாள். எங்களையும் கேட்டாள். அம்மா வீடு பக்கத்தில் என்று மகாலட்சுமி கடலூருக்குக் கை தூக்கினாள். ஜோஸ்பின் பாண்டிக்குத் தூக்கினாள், காரணம் துணிக்கடை. மற்ற இரண்டு பேரும் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் கட்சி.

போகிற இடத்திலெல்லாம் அக்கா ஒரு சோதனை வைத்தாள். வீட்டுக்காரர் சுவரையும் ஃபேனையும் காட்டிக்கொண்டிருக்கும்போதே அறையின் நடுவில் நின்று எனக்குப் போன் போடுவாள். "இன்னாடி கேக்குது?" என்பாள். பாண்டியில் ஒரு மாடியிலிருந்து பேசியபோது புல்லட் வண்டிகள் என் காதுக்குள்ளேயே ஓடின. கடலூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்று பேசியபோது, "பண்ருட்டி, பண்ருட்டி, உள்ள வா" என்று ஒருவர் என்னையும் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார். இப்படிப் பத்து நாளில் பதினோரு இடம் கழிந்தது.

மிச்சம் இரண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் விஜயராஜ் சாரின் மாடி: வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு, ஐந்து மாத அட்வான்ஸ். பாண்டி நெல்லித்தோப்பில் சிவகாமசுந்தரி அம்மாள் நடத்தும் மளிகைக் கடையின் மாடி: வாடகை பதினாலாயிரம், பத்து மாத அட்வான்ஸ். அளவு ஒன்றுதான், அமைதியும் ஒன்றுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடலூர் என்று நாங்கள் முடிவே செய்துவிட்டோம். ஜோஸ்பின்கூட துணிக்கடையை மறந்துவிட்டாள்.

பேசி முடிக்க அக்காவோடு நானும் போனேன். டெம்போ ஓட்டும் பாக்யராஜ் மாமா, அக்காவின் கணவர், எங்களைக் கொண்டுபோய் விட்டார். விஜயராஜ் சார் எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு மாமாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"அக்ரிமென்ட் உங்க பேர்ல போட்டுடலாமா?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? ஆபீஸு அவளுது. நான் டெம்போ ஓட்றவன்" என்றார் மாமா.

"பரவால்ல, கையெழுத்து போடத் தெரியும்ல? பொம்பளைங்க பேர்ல போட்டா நாளைக்கு ஒண்ணுன்னா யாரக் கேக்கறது?"

அக்கா காபியை முழுவதும் குடித்தாள். டம்ளரை வைத்தாள். "ரொம்ப நன்றிங்க சார். உங்கள் நாள் இனிமையாக அமையட்டும்" என்று போனில் பேசும் குரலில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அந்தக் குரலில் அவள் பேசினால் உள்ளே அடுப்பு எரிகிறது என்று அர்த்தம்.

டெம்போவில் மாமா மெதுவாக ஆரம்பித்தார். "என் பேர்ல போட்டா இன்னா லில்லி? நானும் நீயும் வேற வேறயா?"

"வேற இல்லியா? அப்ப என் பேர்லயே இருக்கட்டுமே."

மாமா அடுத்த கியர் போட்டார்.

எனக்குக் கோபம் பொங்கியது. எட்டு நாள்தான் பாக்கி. மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு கூடுதல் என்றால் எங்களில் யாரோ ஒருத்தியின் சம்பளத்தில் பெரிய துண்டு. கடைசி நாற்காலிக்காரி யார்? நான்தானே! "ஒரு கையெழுத்துக்காக எங்க சோத்துல மண்ண போடறியேக்கா" என்று கேட்டேவிட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "வூடு நான் சம்பாதிச்சிக் கட்டனதுடி. பத்திரம் அவரு பேரு, வரி ரசீது அவரு பேரு, கரண்டு பில்லு அவரு பேரு. கேஸ் சிலிண்டர் மட்டும் என் பேர்ல வருது, ஏன்னா அத தூக்கி அடுப்புல மாட்றது நானு. இது ஒண்ணு என் பேர்ல இருக்கட்டும். எவளையும் நிறுத்த மாட்டேன். குறையறது என் பங்குல குறையட்டும்."

"சரிக்கா, பாண்டியே பாக்கலாம்" என்றேன். இவ்வளவு சுருக்கமாக நான் பேசியது என் வரலாற்றில் அபூர்வம்.

மறுநாள் நெல்லித்தோப்பு. சிவகாமசுந்தரி அம்மாள் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே பேசினார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"வாடகை நின்னுபோச்சுன்னா யாரக் கேக்கறது?"

"என்னத்தாம்மா கேக்கணும்" என்றாள் அக்கா.

"சரி" என்று அவர் அடுத்த பொட்டலத்தைக் கட்டினார். பிறகு அக்காவின் தேன்குரலுக்கு வாடகையில் ஆயிரமும், அட்வான்ஸில் நான்கு மாதமும் குறைந்தன. தான் கட்டிவந்த சீட்டை எடுத்து அக்கா அட்வான்ஸைக் கொடுத்தாள்.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, கடை மாடியிலேயே ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தோம். பத்திரம் எழுதுபவர் தணிகைவேல், முத்திரைத்தாளில் அடித்து வந்ததை உரக்கப் படித்தார்: "வாடகைதாரர், திருமதி லில்லி, கணவர் பெயர் பாக்யராஜ்..."

அக்கா கையை நீட்டி நிறுத்தினாள். "அவரு எங்கேந்து வந்தாரு?"

"அது வழக்கம்மா. யாரோட சம்சாரம்னு போடணும், இல்லன்னா அப்பா பேராவது போடணும்."

வாசலில் நின்ற மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாடகை குடுக்காமலே உள்ள வந்துட்டேன் பாத்தியா?"

"எனக்கும் அதான் போட்டிருக்கு, பாரும்மா" என்றார் சிவகாமசுந்தரி அம்மாள். "எங்க வூட்டுக்காரர் சண்முகசுந்தரம் போயி ஒம்போது வருஷமாவுது. கடைய நான் நடத்துறேன். எழுதறப்ப மட்டும் அவரு எழுந்து வந்துடறாரு."

சிரித்துச் சிரித்து அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை, எனக்குத் தெரியும். பிறகு பேனாவை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"சாட்சி ரெண்டு பேர் வேணுமே" என்றார் தணிகைவேல்.

"வாய்யா" என்று அக்கா மாமாவைக் கூப்பிட்டாள். "நீ சாட்சி. இதுக்கு மட்டும் போடு."

மாமா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டார். அக்கா பேனாவை என் பக்கம் நீட்டினாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறு யாரும் இல்லை. முத்திரைத்தாளில் என் பெயரை நான் எழுதியதே கிடையாது. பேனாவை வாங்கித் தாளில் வைத்தேன்.

"மெதுவா போடுடி சரண்யா" என்றாள் அக்கா. "உன் பேருதானே."