ஒரு கோப்பு, நூற்றுப் பதினேழு பெயர்கள்

ஒலிநூலகத்தில் அவளை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் அழைத்தார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். நாளடைவில் சர்வர் அறையும் அவள் தலையில் விழுந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து, மெமரி கார்டில் ஏற்றித் தபாலில் அனுப்பும் இடம் அது. மூவாயிரத்து நூறு புத்தகங்கள், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வாசகர்கள். ஆபரேட்டருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. அங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டி வந்தால், மின்சாரம் போனபோது தடுமாறாமல் வேலை செய்கிற ஒரே ஆள் என்று பேசுவார்கள்.

சர்வர் அவளிடம் வந்த விதம் சாதாரணமானது. அதைப் பராமரித்த கம்பெனிக்காரர் நேரில் வருவதைக் குறைத்துக்கொண்டு போனில் வழி சொல்லத் தொடங்கினார். போனை எடுப்பவள் இவள்தான் என்பதால் வழி கேட்டவளும் இவளே ஆனாள். படம் படமாக இருக்கும் திரையைப் போனில் விளக்குவது யாருக்குமே கஷ்டம். கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடலாம். கறுப்புத் திரையில் அவள் தட்டுவதும் எழுத்து, அது பதிலாகத் தருவதும் எழுத்து. அதைப் படித்துச் சொல்லும் இயந்திரக் குரல் அவள் காதுக்குள் இருந்தது. அவள் வைத்திருந்த வேகத்தில் அந்தக் குரலைக் கேட்டால், தகர டப்பாவில் குண்டூசிகளைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும். மூன்று வருடத்தில் கம்பெனிக்காரர் போன் செய்வதையும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதில் குறை ஒன்றும் ஏற்படவில்லை.

சிக்கல் சர்வரின் சேமிப்பு வட்டில் இடம் தீர்ந்ததில் தொடங்கியது. தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பிவிட்டது. புது வட்டு இந்த வருடம் கிடையாது என்று நிர்வாகக் குழு கைவிரித்தது. அதோடு நிற்காமல், ஐந்து வருடமாக யாரும் கேட்காத புத்தகங்களை அழித்து இடம் பண்ணுங்கள் என்று ஒரு விதியும் போட்டது. விதிப்படி பட்டியல் எடுத்ததில் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் சிக்கின. தேனீ வளர்ப்பு பற்றிப் பதினான்கு மணி நேரம் ஓடும் ஒன்றும் அதில் இருந்தது. அதைக் கடைசியாகக் கேட்டவர் ஆறு வருடத்துக்கு முன் போன் செய்தவர். மொட்டை மாடியில் இரண்டு பெட்டி வைக்கப் போவதாக அவர் சொன்னது ஆபரேட்டருக்கு ஞாபகம் இருந்தது. இப்படிப்பட்ட ஒருவர் மறுபடி என்று கூப்பிடுவார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. கூப்பிடும்போது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவள் அவள்.

அவள் செயலாளரிடம் போய், அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் அழித்தால் மூன்று சதவீத இடம்தான் கிடைக்கும், இரண்டு மாதத்தில் அதுவும் நிரம்பிவிடும் என்று சொன்னாள். செயலாளர் கெட்டவர் அல்ல, கவலைப்படுபவர். அப்படியானால் எங்கேதான் போகிறது இடமெல்லாம் என்று கேட்டார். அவள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அவர் கேட்ட புத்தகங்களின் பிரதிகள் அதில் கிடக்கும். பிரபலமான ஒரு புத்தகத்துக்கு நூற்றுப் பதினேழு பிரதிகள் இருந்தன.

“சார், வீட்டுல தம்பி என்னை அக்காங்கிறான். அவன் பொண்டாட்டி அண்ணிங்கிறா. பசங்க அத்தைங்கிறாங்க. இங்க ஆபரேட்டர். கூப்பிடறது நாலு விதமா. ஆனா சாப்பிட உட்கார்ந்தா ஒரு தட்டுதான் வைக்கிறாங்க.”

“நம்ம டிஸ்க்ல?”

“கூப்பிடற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தட்டு வெச்சிருக்கோம். அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் நூத்திப் பதினேழு தட்டு.”

ஒரே மாதிரியான கோப்புகளைக் கண்டுபிடித்து, உள்ளடக்கத்தை ஓர் இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாப் பெயர்களையும் அந்த ஓர் இடத்தோடு இணைத்துவிடலாம் என்று விளக்கினாள். செயலாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாராவது ஒரு வாசகர் விலகி, அவருடைய ஃபோல்டரை அழித்தால் மற்றவர்களுக்கும் புத்தகம் போய்விடாதா?

“பசங்க என்கூடப் பேசறத நிறுத்திட்டா நான் அத்தை இல்லாம போவேன், அவ்வளவுதான். அக்காவா இருப்பேன். கூப்பிடறதுக்குக் கடைசி ஆளும் இல்லேன்னாத்தான் சார் நான் இல்ல.”

செயலாளர் சிரித்தார். செய்யுங்கள் என்றார்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் ஒரே அளவுள்ள கோப்புகளைப் பிரித்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண்ணை ஒப்பிட்டாள். அப்புறமும் நம்பாமல், ஜோடி ஜோடியாக முதல் எழுத்திலிருந்து கடைசிவரை சரிபார்க்கச் சொன்னாள். இணைக்கும் கட்டளை இரண்டே எழுத்து. அதற்கு முந்தைய சரிபார்ப்புக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒரு புத்தகத்தில் சோதித்துப் பார்த்து, பட்டியல் கேட்டபோது, கோப்புக்குப் பக்கத்தில் எத்தனை பெயர்கள் என்று சொல்லும் எண் ‘ஒன்று’ என்பதிலிருந்து ‘முப்பத்தெட்டு’ ஆகியிருந்தது. அந்த வார முடிவில் வட்டு நாற்பத்தொன்பது சதவீதத்தில் நின்றது. பதிவு அறையில் இருந்தவர்கள் வந்து கை கொடுத்தார்கள். அவள் ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

இணைத்து ஒன்பதாம் நாள் காலை, வாசகர்களில் ஒருவரான கணக்கு வாத்தியார் போன் செய்தார். ஓய்வு பெற்றவர், வாரம் ஒரு புகாராவது இல்லாமல் அவருக்கு ஓய்வு செல்லாது.

“ஆபரேட்டரம்மா, நான் படிக்காத புத்தகத்தை எனக்காக யாரு படிச்சது?”

“எந்தப் புத்தகம் சார்?”

“நதிகளைப் பத்தினது. போட்டதும் ஏழாம் அத்தியாயத்துல, பாதி வாக்கியத்துல ஆரம்பிக்குது. முதல் ஆறு அத்தியாயத்துக்கு என்னை பாஸ் போட்டுட்டீங்களா?”

அவள் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றது. மதியத்துக்குள் இன்னும் நான்கு பேர். ஒருவருக்குப் புத்தகம் முடிவிலிருந்து தொடங்கியதாம்.

காரணம் புரிய அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதுதான் அதிகமாக உறுத்தியது. வாசகர் கார்டைத் திருப்பி அனுப்பும்போது, அவர் எங்கே நிறுத்தினார் என்ற குறியை நூலகத்தின் கணினி நிரல் படித்து, அவருடைய ஃபோல்டரில் இருக்கும் ஒலிக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். அடுத்த கார்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும் என்பதற்காக. வேறெந்த நூலகத்திலும் இல்லாத ஏற்பாடு அது, ஒன்பது வருடத்துக்கு முன் அப்படிச் செய்யச் சொன்னவளே அவள்தான். அன்று ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி இருந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இன்று பிரதி ஒன்று. அக்காவுக்குச் சடை பின்னினால் அத்தைக்கும் அதே சடைதான்.

செயலாளர் காதுக்கு வேறு வழியாகப் போவதற்கு முன் அவளே போய்ச் சொன்னாள். தவறு நிரலுடையது அல்ல, தன்னுடையது என்றும் சொன்னாள். அவர் நாட்காட்டியைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது, அதற்குள் எல்லாவற்றையும் பழையபடி பிரித்துவிடுங்கள், பட்டியலில் இருப்பதை அழித்துவிடுவோம் என்றார். பிறகு, மனம் நோகச் சொல்ல வேண்டும் என்று எண்ணாமலே, “நீங்க போனைப் பாத்துக்கிட்டாப் போதும்” என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் தம்பி மனைவி கண்டுபிடித்துவிட்டாள். “அண்ணி, மூணு தடவை உப்பு போதுமான்னு கேட்டேன். எதுவும் சொல்லாம சாப்பிடறீங்க. அங்க என்ன உடைஞ்சது?” உடைந்தது தன் மூக்கு என்று அவள் பதில் சொன்னாள். அந்த நேரத்தில் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே புத்தகம், இருவருக்கும் பரீட்சை. மூத்தவள் பக்கத்தை மடித்து வைத்தால் இளையவனுக்குக் குழப்பம். கடைசியில் தங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு காகிதத் துண்டில் பக்க எண்ணை எழுதி அவரவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

அவள் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம் பொது. நிறுத்திய இடம் சொந்தம். சொந்தமானதைப் பொதுவானதற்குள் எழுதிவைத்ததுதான் தவறு, இணைத்தது அல்ல. ஒன்பது வருடமாக அந்தத் தவறு யாருக்கும் தெரியவில்லை, நிறையப் பிரதிகள் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தன. ஒரு பழக்கம் சரியாக இருக்கிறது என்று நாம் எண்ணுவதில் பாதி, அதைச் சோதிக்கும் சந்தர்ப்பம் வராததால்தான். அவள் இதைப் பெரிய உண்மையாக எண்ணிக்கொள்ளவில்லை. நாளை என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்ததும் தூங்கப் போய்விட்டாள்.

புதனும் வியாழனும் அவள் ஒரு காதில் இயந்திரக் குரலையும் இன்னொரு காதில் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஒவ்வொரு வாசகரின் குறியையும் ஒலிக்கோப்பிலிருந்து எடுத்து, அவர் ஃபோல்டரில் சில எழுத்துகளே உள்ள ஒரு சின்னக் கோப்பாக வைத்தாள். கார்டு நூலக வட்டைச் சேர்ந்தது அல்ல. அங்கே எப்படியும் முழுப் பிரதிதான் போகும். ஆகவே குறியைக் கார்டில் இருக்கும் பிரதியில் மட்டும் எழுதும்படி நிரலைத் திருத்தினாள். நூலகத்தின் ஒலிக்கோப்புகளில் இனி எந்த நிரலும் கை வைக்க முடியாதபடி எழுதும் உரிமையைப் பிடுங்கினாள். ஏற்கெனவே குறி கலைந்தவர்களை நிரலின் தினப்பதிவேட்டிலிருந்து தேடி எடுத்தாள். முப்பத்தொரு பேர். ஒவ்வொருவரையும் அவளே போனில் கூப்பிட்டு, அடுத்த கார்டு சரியாக வரும் என்று சொன்னாள். கணக்கு வாத்தியார், தான் ஏழாம் அத்தியாயத்தை முடித்துவிட்டதாகவும், இனி முதலிலிருந்து படிக்கப் பொறுமை இல்லை என்றும் கோபித்துக்கொண்டார்.

அவள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பாதி கேட்கப்பட்ட புத்தகங்களின் பிரதிகள் இதுவரை குறியினால் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டிருந்தன. அதனால் முதல் தடவை அவை இணையாமல் தப்பியிருந்தன. குறி வெளியே போனதும் அவையும் ஒரே அச்சாகிவிட்டன. அவள் மறுபடி சரிபார்த்து, மறுபடி இணைத்தாள். வியாழன் மாலை வட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டாள். இயந்திரக் குரல் ‘இருபத்து நான்கு’ என்றது. வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டாள். இருபத்து நான்குதான். மூன்றாவது தடவையும் கேட்டாள். அது சரிபார்ப்பதற்காக அல்ல, கேட்கப் பிடித்திருந்ததற்காக.

அவளைப் பெரிய மேதை என்று சொல்ல வேண்டியதில்லை. தன் தவற்றைத் தானே திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பொறுமை இருந்தவள். அந்தப் பொறுமை நாம் நினைப்பதைவிட அரிது.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் முடிந்து செயலாளர் நேராக அவள் மேசைக்கு வந்தார். இந்த வருடம் எதையும் அழிக்க வேண்டியதில்லை என்று முடிவாகிவிட்டதாம். அவள் பெயரைக் குறிப்பிட்டு நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை சொன்ன சொல் அவருக்கும் உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், “போனை மட்டும் பாத்துக்கிட்டிருந்தா நம்ம கதி என்னாயிருக்கும்” என்றார். அவள் அதைப் போதுமான மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்த விதி மட்டும் அப்படியே இருக்கிறது, அடுத்த வருடக் குழு எப்படியோ என்று அவர் இழுத்தார்.

அவள் தலையாட்டினாள். அவர் போனதும் ஒரு புது வாசகரைப் பதிவுசெய்தாள். பத்தொன்பது வருடத்தில் தன்னை வாசகராகச் சேர்த்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியதே இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களையும் தான் கேட்டதாகப் பதிந்து, தன் ஃபோல்டருக்குள் இணைத்தாள். வட்டைக் கேட்டாள். இருபத்து நான்கு. அரைச் சதவீதம்கூட ஏறவில்லை.

திங்கட்கிழமை செயலாளர் பழைய பட்டியலைப் புதிதாக எடுத்துப் பார்த்தார். பட்டியல் காலியாக இருந்தது. அதோடு அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“அஞ்சு வருஷமா யாரும் கேட்காத புத்தகம் ஒண்ணுகூட இல்லேங்குதே?”

“நான் கேட்டிருக்கேன் சார்.”

“நானூத்திப் பன்னெண்டுமா? எப்பம்மா கேட்டு முடிப்பீங்க?”

“விதியில முடிக்கணும்னு இல்லையே சார். கேட்டிருக்கணும்னுதானே இருக்கு.”

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். பிறகு அவர் நாற்காலி இழுபடும் சத்தம் அவர் அறையிலிருந்து வந்தது. சிரிப்பு அதற்கும் பிறகு வந்தது.

அவள் தேனீ வளர்ப்பைப் போட்டாள். ராணித் தேனீயைப் பெட்டிக்குள் எப்படி அடையாளம் காண்பது என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதினோராவது நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. நிறுத்திய இடத்தைத் தன் குறிக்கோப்பில் எழுதிவிட்டு எடுத்தாள்.